நீர்த்தாவரத் தொட்டியில் அழுத்தக் கரியமில வாயு: அமைக்கும் முறையும் அளவறியும் முறையும்

நீர்த்தாவரத் தொட்டி வைத்திருப்பவர்கள் விளக்கை மாற்றிப் பார்ப்பார்கள், உரத்தைக் கூட்டிப் பார்ப்பார்கள், சிலர் அடிமண்ணையே அள்ளிக் கொட்டிவிட்டுப் புதிதாகப் பரப்பியும் பார்ப்பார்கள். அப்படியும் செடி தேறாமல் இலைமேல் பாசி மட்டும் தேறிக்கொண்டிருந்தால், குறை பெரும்பாலும் கரியமில வாயுவில்தான் இருக்கும். நீரை நீக்கி உலர்த்திய செடியின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம் கார்பன். முழுதும் மூழ்கி வளரும் செடி அதில் பெரும்பகுதியைத் தன்னைச் சுற்றியுள்ள நீரிலிருந்தே எடுத்தாக வேண்டும். காற்றோடு சமநிலையில் நிற்கும் நீரிலோ, 25 டிகிரி செல்சியஸில், லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 மில்லிகிராம் கரியமில வாயு மட்டுமே கரைந்திருக்கும். மீன்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சால் அது இரண்டு மூன்று மில்லிகிராம் வரை உயரலாம். போதாக்குறைக்கு, நீருக்குள் இவ்வாயு பரவும் வேகம் காற்றில் பரவும் வேகத்தில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் என்பதால், இலையை ஒட்டி நிற்கும் மெல்லிய நீர்ப்படலத்தில் இருப்பதைச் செடி எடுத்துத் தீர்த்த பிறகு அடுத்தது வந்து சேர நேரமாகிறது. சிலிண்டரில் அடைத்த கரியமில வாயுவைக் கட்டுப்பாட்டோடு நீரில் கரைத்து, விளக்கு எரியும் நேரம் முழுவதும் லிட்டருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் வரை ஒரே அளவில் நிறுத்தி வைப்பதே இந்த அமைப்பின் வேலை.

ஒரே அளவில் என்ற சொல்லுக்கே இங்கு அதிக எடை உண்டு. ஒரு நாள் 35, மறுநாள் 12 என்று ஏறி இறங்கும் தொட்டியைக் காட்டிலும் நாள்தோறும் 20-இல் அசையாமல் நிற்கும் தொட்டியில் செடிகள் நன்றாக வளர்வதையும், இலை விளிம்புகளில் கருநிறத் தூரிகைப் பாசி குறைவாக வருவதையும் இத்துறையில் அனுபவமுள்ளவர்கள் பலரும் கண்டிருக்கிறார்கள். ஈஸ்டையும் சர்க்கரையையும் பாட்டிலில் புளிக்கவைத்து வாயு எடுக்கும் முறை மலிவானதுதான். ஆனால் முதல் சில நாள்கள் பொங்கிப் பிறகு சோர்ந்துபோகும் அதன் போக்கை நாம் கட்டுப்படுத்த முடியாது.

இது எல்லாத் தொட்டிக்கும் தேவையா என்றால், இல்லை. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், மாஸ் எனப்படும் பாசி வகைச் செடிகள், பெரும்பாலான கிரிப்டோகோரைன்கள் ஆகியவை மிதமான வெளிச்சத்தில், கூடுதல் வாயு இல்லாமலேயே மெதுவாக வளர்ந்துகொள்ளும். வாலிஸ்நேரியா போன்ற சில செடிகள் நீரிலுள்ள பைகார்பனேட்டிலிருந்தும் கார்பனை எடுத்துக்கொள்ளும் ஆற்றல் பெற்றவை. தரைவிரிப்பாகப் படரும் ஹெமியாந்தஸ், குளோசோஸ்டிக்மா போன்றவற்றையும், ரொட்டாலா மக்ராண்ட்ரா போன்ற சிவப்புத் தண்டுச் செடிகளையும் செழிப்பாக வளர்க்க நினைப்பவர்களுக்கும், வலுவான விளக்கை ஏற்கெனவே வாங்கி மாட்டிவிட்டவர்களுக்குமே இந்தச் செலவு பொருள் உள்ளது. விளக்கு வலுவாகவும் வாயு குறைவாகவும் இருக்கும் தொட்டியில் செடி பயன்படுத்தாத வெளிச்சத்தைப் பாசி பயன்படுத்திக்கொள்ளும். ஆகவே வாயு அமைப்பு வந்து சேரும்வரை விளக்கின் செறிவையோ நேரத்தையோ குறைத்து வைப்பது நல்லது.

சிலிண்டர்

சிலிண்டர் எஃகாலும் இருக்கலாம், அலுமினியத்தாலும் இருக்கலாம். வாயுவைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. பார்க்க வேண்டியவை வேறு. அழுத்தச் சோதனை செய்த தேதி கழுத்துப் பகுதியில் பொறிக்கப்பட்டிருக்கும். அது காலாவதியான சிலிண்டரில் முறையான நிலையங்கள் வாயு நிரப்ப மாட்டா. வெற்றுச் சிலிண்டரின் எடையும் அங்கேயே பொறிக்கப்பட்டிருக்கும், அதைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, வால்வின் மரை எந்த வகையைச் சேர்ந்தது என்பது. வட அமெரிக்காவில் சிஜிஏ 320, ஐரோப்பாவின் பல நாடுகளில் டபிள்யூ 21.8 என்று நாட்டுக்கு நாடு தரம் மாறுவதால், கையில் கிடைக்கும் சிலிண்டரை முதலில் உறுதிசெய்துகொண்டு, அதற்குப் பொருந்தும் ரெகுலேட்டரை, அதாவது வாயுவின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவியை, பிறகு வாங்குவதே முறை. மாற்றி வாங்கியவர்கள் இணைப்பி தேடி அலைய நேரிடும்.

தீயணைப்புக் கருவியாக இருந்த சிலிண்டரை வாங்கிப் பயன்படுத்துவோர் உண்டு. அத்தகையவற்றின் உள்ளே அடிவரை இறங்கும் ஒரு குழாய் இருக்கும். தீயணைக்கும்போது திரவத்தை மேலே ஏற்றவே அது வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குழாயை அகற்றாமல் ரெகுலேட்டரைப் பொருத்தினால் வாயுவுக்குப் பதில் திரவம் ரெகுலேட்டருக்குள் ஏறி, அங்கே திடீரென ஆவியாகி உறைந்து, உள்ளுறுப்புகளைக் கெடுத்துவிடும். சிலிண்டரைப் படுக்க வைத்தாலும் இதே விளைவுதான். எனவே குழாயுள்ள சிலிண்டரைத் தவிர்த்துவிட வேண்டும். எந்தச் சிலிண்டரையும் நிமிர்த்தியே, சாய்ந்து விழாதபடி பட்டையால் அலமாரியின் காலோடு கட்டி வைக்க வேண்டும்.

இடம் அனுமதிக்கும் அளவுக்குப் பெரிய சிலிண்டரை வாங்குவது நல்லது என்பது என் கருத்து. தூக்கி எறியும் 95 கிராம் குப்பிகள் சிறு தொட்டிக்குத் தொடக்கத்தில் வசதியாகத் தோன்றும்; ஆனால் ஒரு கிராமுக்கு ஆகும் செலவைக் கணக்கிட்டுப் பார்த்தால் அவையே மிக விலையுயர்ந்த வழி.

சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் திரவம் என்பதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் குழப்பங்கள் பல நீங்கும். திரவமும் அதன் மேல் நிற்கும் வாயுவும் சேர்ந்திருக்கும்வரை உள்ளழுத்தத்தை வெப்பநிலையே தீர்மானிக்கிறது: 20 டிகிரியில் ஏறத்தாழ 57 பார் (பார் என்பது அழுத்த அலகு; நம்மைச் சுற்றியுள்ள காற்றழுத்தம் ஏறத்தாழ 1 பார்), 25 டிகிரியில் ஏறத்தாழ 64 பார். சிலிண்டர் நிறைந்திருந்தாலும் பாதியே இருந்தாலும் அழுத்தமானி காட்டும் எண் ஏறக்குறைய ஒன்றுதான். கடைசித் துளித் திரவமும் ஆவியான பிறகே முள் இறங்கத் தொடங்கும். அப்போது சிலிண்டர் தீரும் கட்டத்தை நெருங்கிவிட்டது என்று பொருள். ஆகவே எவ்வளவு மிச்சம் என்று அறிய எடைபோட்டுப் பார்ப்பது ஒன்றே நம்பகமான வழி. 31 டிகிரிக்கு மேல் திரவம், வாயு என்ற வேறுபாடே மறைந்து, அழுத்தம் விரைவாக ஏறும் என்பதால், வெயில் படும் சன்னல் ஓரத்திலும் மூடிய வாகனத்திலும் சிலிண்டரை வைக்கக் கூடாது.

ரெகுலேட்டரும் அதைச் சார்ந்தவையும்

கையிலுள்ள பணத்தின் பெரும்பகுதி ரெகுலேட்டருக்கும் ஊசி வால்வுக்கும் போக வேண்டும். வாயுவை நுண்குமிழிகளாக நீரில் விடும் கண்ணாடி டிஃப்யூசரின் அழகில் மயங்கி அதற்குச் செலவழித்துவிட்டு, மலிவான ஊசி வால்வோடு நாள்தோறும் மல்லுக்கட்டுவது வீண்.

ரெகுலேட்டரில் ஒற்றை நிலை, இரட்டை நிலை என்று இரு வகைகள் உள்ளன. ஒற்றை நிலை ரெகுலேட்டர் சிலிண்டரின் 60 பார் அழுத்தத்தை ஒரே படியில் ஒன்று அல்லது இரண்டு பாருக்குக் குறைக்கிறது. பரவலாகக் கிடைக்கும் வடிவமைப்பில், சிலிண்டரின் அழுத்தமும் உள்வால்வை மூடும் திசையில் தள்ளிக்கொண்டிருக்கும். சிலிண்டர் தீரும் நேரத்தில் அந்தத் தள்ளுவிசை குறைவதால் வெளியேறும் அழுத்தம் உயர்ந்து, குமிழிகள் வேகமெடுக்கும். சிலிண்டர் தீரும்போது மீன்கள் மொத்தமாக இறந்தன என்று கேள்விப்படுகிறோமே, அவற்றில் பலவற்றுக்குக் காரணம் இதுதான். இரட்டை நிலை ரெகுலேட்டர் இரண்டு படிகளில் குறைப்பதால் இந்த ஏற்றம் பொருட்படுத்த வேண்டாத அளவுக்கு அடங்கிவிடுகிறது. விலை கூடுதல்தான், ஆயினும் மீன் வளர்ப்பவர் அதையே வாங்குவது மன நிம்மதிக்கு நல்லது. ஒற்றை நிலையே வாங்க முடிந்தது என்றால், அழுத்தமானியின் முள் வழக்கமான இடத்திலிருந்து இறங்கத் தொடங்கிய அன்றே சிலிண்டரை மாற்றிவிட வேண்டும்.

வெளியேறும் அழுத்தத்தை நாமே திருகி மாற்றக்கூடிய ரெகுலேட்டரே வேண்டும். பீங்கான் வட்டு டிஃப்யூசருக்கு ஒன்று முதல் ஒன்றரை பார் போதும். தொட்டிக்கு வெளியே நிற்கும் கேனிஸ்டர் ஃபில்டரின் குழாயில் இணைக்கும் இன்லைன் டிஃப்யூசருக்கு இரண்டு முதல் மூன்று பார் வரை தேவைப்படும்.

சோலனாய்டு வால்வு மின்சாரம் இருக்கும்போது திறந்தும் இல்லாதபோது மூடியும் இருக்கும் வகையாக இருக்க வேண்டும். அப்போதுதான் மின்தடை ஏற்பட்டால் வாயு தானாக நின்றுவிடும். வேலை செய்யும்போது அது கையில் படும் அளவுக்குச் சூடாவது இயல்பு. அடுத்து வரும் ஊசி வால்வுதான் குமிழிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கிறது. நல்ல ஊசி வால்வைச் சிறிது திருகினால் குமிழி வேகம் சிறிது மாறி, மறுநாளும் அங்கேயே நிற்கும். மலிவான ஊசி வால்விலோ திருகியவுடன் ஒரு வேகம், ஒரு மணி நேரம் கழித்து வேறொரு வேகம்.

குமிழிகளை எண்ண உதவும் குமிழிமானி சிறிய கண்ணாடிக் குடுவை போன்றது. உள்ளே நீர் ஊற்றலாம், ஆனால் அது சில வாரங்களில் வற்றிவிடும் என்பதால் பலர் கிளிசரின் ஊற்றுகிறார்கள். அதற்கும் தொட்டிக்கும் இடையே ஒரே திசையில் மட்டும் ஓடவிடும் செக் வால்வு ஒன்று கட்டாயம் வேண்டும். இரவில் வாயு நின்றதும் குழாயில் மிஞ்சியிருக்கும் வாயு மெல்லக் கரைய, அந்த வெற்றிடத்தை நிரப்பத் தொட்டி நீர் குழாய் வழியே பின்னோக்கி ஏறும். அது சோலனாய்டை எட்டிவிட்டால் சோலனாய்டு பாழ். நெகிழி செக் வால்வுகள் நாளடைவில் இறுகிப்போவதால், உலோகத்தாலானதைத் தேர்ந்தெடுப்பது நல்லது. குழாயாகச் சாதாரண சிலிக்கான் குழாயைப் பயன்படுத்தக் கூடாது. அதன் சுவர் வழியாகவே கரியமில வாயு கசிந்து வெளியேறும். பாலியூரித்தேன் குழாய் வாங்கிக்கொள்ள வேண்டும்.

பொருத்தும் வரிசை

முதலில் சிலிண்டரின் வாய்ப்பகுதியை உலர்ந்த துணியால் துடைத்து, ரெகுலேட்டருடன் வந்த நைலான் வளையம் தன் இடத்தில் சரியாக அமர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கசிவைத் தடுப்பது இந்த வளையம்தான். மரையில் டெஃப்லான் நாடா சுற்றுவது இந்த இணைப்பில் எந்தப் பயனையும் தராது, சில வேளைகளில் ரெகுலேட்டர் நேராக அமர்வதையும் கெடுக்கும். ரெகுலேட்டரின் மரையைக் கையால் முழுதும் திருகிவிட்டு, பிறகு சரியான அளவுள்ள ஸ்பேனரால் உறுதியாக இறுக்க வேண்டும். வலுக்கட்டாயமாக இறுக்கினால் வளையம் நசுங்கி, அதுவே கசிவுக்குக் காரணமாகும்.

சிலிண்டரைத் திறப்பதற்கு முன் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். ரெகுலேட்டரின் அழுத்தத் திருகு இடஞ்சுழியாகத் தளர்த்தப்பட்டு வெளியழுத்தம் சுழியில் இருக்க வேண்டும். ஊசி வால்வு மூடியிருக்க வேண்டும், ஆனால் ஊசியின் முனை தேயும்படி இறுக்கி மூடக் கூடாது. பிறகு அழுத்தமானிகளின் முகப்புக்கு நேரே நிற்காமல் பக்கவாட்டில் நின்றுகொண்டு, சிலிண்டரின் வால்வை மிக மெதுவாகத் திறக்க வேண்டும். உயரழுத்த மானியின் முள் எழுந்து நின்றதும், அழுத்தத் திருகை வலஞ்சுழியாகத் திருகி வெளியழுத்தத்தை டிஃப்யூசருக்குத் தேவையான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இப்போது சோலனாய்டுக்கு மின்சாரம் கொடுத்தால் க்ளிக் என்ற மெல்லிய ஓசை கேட்கும். ஊசி வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்தால் குமிழிமானியில் முதல் குமிழி தோன்றும். குழாய் முழுவதும் வாயு நிறைந்து டிஃப்யூசரில் அழுத்தம் சேரச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால், உடனே குமிழி வரவில்லையே என்று வால்வை மேலும் மேலும் திறந்துவிடக் கூடாது.

அடுத்தது கசிவுச் சோதனை. பாத்திரம் கழுவும் திரவத்தைச் சிறிது நீரில் கலந்து, தூரிகையால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவ வேண்டும்: சிலிண்டர் இணைப்பு, அழுத்தமானிகள் ரெகுலேட்டரில் சேருமிடம், சோலனாய்டு, ஊசி வால்வு, குமிழிமானியின் மூடி, குழாய் முனைகள். பெரிய கசிவு உடனே நுரையாகப் பொங்கிவிடும். சிறு கசிவோ வெண்மையான நுண்ணுரையாக மரையின் இடுக்கில் மெல்லத் திரண்டு வரும், அதற்கு இரண்டு மூன்று நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மின்சாரச் சுருள் இருக்கும் பகுதியில் மட்டும் நீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதோடு, இரவில் சோலனாய்டு நின்ற பிறகு சிலிண்டரின் வால்வை மூடிவிட்டு, காலையில் உயரழுத்த மானியைப் பார்ப்பது இன்னொரு நல்ல சோதனை. அறையின் வெப்பநிலை மாறாதிருக்க முள் இறங்கியிருந்தால், சிலிண்டருக்கும் சோலனாய்டுக்கும் இடையே எங்கோ கசிகிறது. பல மாதங்கள் வர வேண்டிய சிலிண்டர் சில வாரங்களில் தீர்ந்துபோவதற்குக் காரணம் ஏறத்தாழ எப்போதும் இத்தகைய சிறு கசிவுதான்.

டிஃப்யூசரைத் தொட்டியின் அடிப்பகுதிக்கு அருகில், ஃபில்டரின் நீரோட்டம் குமிழிகளைக் கீழ்நோக்கியும் குறுக்காகவும் அடித்துச் செல்லும் இடத்தில் வைக்க வேண்டும். குமிழி நீர்மட்டத்தை எட்டி வெடித்தால் அந்த வாயு தொட்டிக்கு இல்லை. புதிய பீங்கான் வட்டைச் சில மணி நேரம் நீரில் ஊறவைத்துவிட்டுப் பொருத்தினால் குமிழிகள் சீராக வரும். நீருக்குள் மூடுபனி போல மிதக்கும் நுண்குமிழிகளைப் பார்க்கப் பிடிக்காதவர்கள், வெளியே வைக்கும் ரியாக்டரைப் பயன்படுத்தலாம். அதில் வாயு முழுதும் கரைந்த பிறகே நீர் தொட்டிக்குத் திரும்புகிறது.

எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அறிவது

விநாடிக்கு இத்தனை குமிழி என்ற எண்ணை ஒருவர் தொட்டியிலிருந்து இன்னொருவர் தொட்டிக்கு எடுத்துச் செல்ல முடியாது. குமிழியின் பருமன், டிஃப்யூசரின் திறன், நீர்மட்டத்தின் அசைவு, தொட்டியின் அளவு எல்லாம் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன. நேற்று வைத்த இடத்திலேயே இன்றும் வால்வு நிற்கிறதா என்று பார்க்க மட்டுமே அந்த எண் உதவும். கரைந்த அளவை அறிய வேறு இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது டிராப் செக்கர், அதாவது தொட்டியின் உட்புறம் ஒட்டும் சிறிய கண்ணாடிக் கலம். உள்ளே வைக்கும் நீலநிறக் காட்டித் திரவம், புரோமோதைமால் நீலம் என்ற நிறங்காட்டி கலந்த, 4 டிகிரி கார்பனேட் கடினத்தன்மையுள்ள நீர் (கரைந்துள்ள கார்பனேட், பைகார்பனேட்டின் அளவே இக்கடினத்தன்மை; இங்கு டிகிரி என்பது அதன் அலகு). தொட்டி நீருக்கும் இதற்கும் இடையே காற்றிடைவெளி இருப்பதால், வாயு மட்டுமே உள்ளே செல்லும். நீல நிறம் குறைவையும், பச்சை ஏறத்தாழ 30 மில்லிகிராமையும், மஞ்சள் மிகுதியையும் காட்டும். இதற்குள் தொட்டி நீரை ஊற்றக் கூடாது. தொட்டி நீரில் கரைந்திருக்கும் பிற அமிலங்களும் பாஸ்பேட்டும் கணக்கைப் பொய்யாக்கிவிடும். இந்த நீரை வீட்டிலேயே தயாரிக்கலாம்: 1.2 கிராம் சமையல் சோடாவை 1 லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் முழுதும் கரைத்தால் 40 டிகிரிக் கரைசல் கிடைக்கும். அதில் 100 மில்லிலிட்டரை எடுத்து 900 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கலந்தால் 4 டிகிரி. 0.12 கிராமைச் சமையலறைத் தராசில் நிறுக்க முடியாது என்பதாலேயே இந்த இரு படிகள். டிராப் செக்கரை டிஃப்யூசருக்கு எதிர்ப்புறம், குமிழிகள் நேராக உள்ளே புகாத இடத்தில் ஒட்ட வேண்டும். அது நிறம் மாற ஒன்று முதல் இரண்டு மணி நேரம், சில வேளைகளில் இன்னும் கூடுதலாகவும் எடுத்துக்கொள்ளும்; நாம் பார்ப்பது எப்போதும் சற்று முந்தைய நிலவரத்தையே.

இரண்டாவது வழி, நீரின் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் எண்ணின் இறக்கத்தை அளப்பது. ஒரு குவளையில் தொட்டி நீரை எடுத்து, 24 மணி நேரம் திறந்து வைத்து, கரைந்த வாயு வெளியேறிய பிறகு அதன் பிஎச் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு வாயு ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியில் அதே கருவியால் அளக்க வேண்டும். பிஎச் ஓர் அலகு இறங்கினால் கரைந்த வாயு பத்து மடங்காகியுள்ளது என்று பொருள். இரண்டு மூன்று மில்லிகிராமிலிருந்து தொடங்கிய தொட்டி 20 முதல் 30-க்கு வந்திருக்கும். நன்றாகக் காற்றோட்டம் பெற்ற குவளை நீரில் தொடக்க அளவு அதைவிடக் குறைவாக இருக்கக்கூடும். அப்போது ஓர் அலகுக்கு மேல், 1.2 அல்லது 1.3 வரை இறங்குவதும் இயல்பே. கார்பனேட் கடினத்தன்மை தெரிந்தால், 3 × கடினத்தன்மை × 10-இன் (7 − பிஎச்) அடுக்கு என்ற சூத்திரமும் உண்டு: கடினத்தன்மை 4, பிஎச் 6.6 என்றால் விடை ஏறத்தாழ 30. தொட்டி நீரில் இச்சூத்திரத்தை அப்படியே நம்புவதைவிட, இறக்கத்தையும் டிராப் செக்கரின் நிறத்தையும் சேர்த்துப் பார்ப்பதே மேல். கரியமில வாயுவால் மட்டும் ஏற்படும் இந்த பிஎச் இறக்கம் மீன்களைத் துன்புறுத்துவதில்லை. துன்புறுத்துவது வாயுவின் மிகுதிதான்.

நேரமும் அளவும்

டைமரில் சோலனாய்டு, விளக்கு எரிவதற்கு ஒன்று முதல் இரண்டு மணி நேரம் முன்பே திறக்கும்படியும், விளக்கு அணைவதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பு மூடும்படியும் வைக்க வேண்டும். விளக்கு எரியும் கணத்தில் வாயு தன் முழு அளவை எட்டியிருக்க வேண்டும் என்பதே நோக்கம். வாயுவும் விளக்கும் ஒரே நேரத்தில் தொடங்கினால், நாளின் முதல் சில மணி நேரம் செடி பட்டினி கிடக்கும். இரவில் செடிகள் வாயுவை எடுப்பதில்லை, வெளிவிடுகின்றன. அப்போது ஓட்டுவது வீண்.

100 லிட்டர் அளவுள்ள தொட்டியில் விநாடிக்கு ஒரு குமிழி என்று தொடங்கலாம். சிறிய தொட்டிக்கு அதிலும் பாதி. ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டுமே, அதுவும் நாள் முழுவதும் வீட்டில் இருக்கப்போகும் நாளின் காலையில் மட்டுமே வால்வைக் கூட்ட வேண்டும். மாலையில் கூட்டிவிட்டுத் தூங்கப்போவதும், கூட்டிவிட்டு வேலைக்குக் கிளம்புவதும் மீன்களைப் பணயம் வைப்பதற்கு ஒப்பு. விளக்கு எரியும்போது ஒரு முறை, நடுவில் ஒரு முறை, அணையும் முன் ஒரு முறை பிஎச் அளந்து, மூன்றும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் அமைப்பு நிலைபெற்றுவிட்டது எனலாம். நடுவில் தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனால் வாயு வெளியேறும் வழி போதவில்லை என்று பொருள்.

இங்கே புதியவர்கள் பலர் ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள். நீர்மட்டம் அசைந்தால் வாயு வீணாகுமே என்று ஃபில்டரின் வாயை நீருக்குள் ஆழ்த்தி, மேற்பரப்பை அசையாமல் வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால் வாயு செலவு குறையும். ஆனால் அளவு மேலே ஏறிக்கொண்டே போகும், ஆக்சிஜனும் குறையும், மேலே எண்ணெய்ப் படலம் வேறு படியும். மேற்பரப்பு நன்றாக நெளியும்படி வைத்துவிட்டு, இழப்பை ஈடுகட்டக் குமிழிகளைச் சிறிது கூட்டினால், உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரு புள்ளியில் சமமாகி அளவு அங்கேயே நின்றுவிடும். சிலிண்டர் கொஞ்சம் முன்னதாகத் தீரும், அவ்வளவுதான்.

டிராப் செக்கர் பச்சையாக இருந்தாலும் இறுதித் தீர்ப்பு மீனிடம்தான். மிகுதியான வாயு முதலில் செவுள்களில் தெரியும்: மூடி வழக்கத்தைவிட வேகமாகத் திறந்து மூடும், மீன் உணவுக்கு ஓடி வராது, கூட்டமாக நீந்தும் மீன்கள் சிதறி மூலைகளில் நிற்கும். அடுத்த கட்டத்தில் ஃபில்டரின் நீர் விழும் இடத்தில் கூடி, வாயை நீர்மட்டத்தில் பதித்து மூச்சுவாங்கும். இறால்கள் மேய்வதை நிறுத்திவிட்டு மேலே ஏறும் அல்லது பக்கவாட்டில் சாயும். கரியமில வாயு ஆக்சிஜனை நீரிலிருந்து துரத்திவிடுகிறது என்று சொல்வார்கள், அது சரியன்று. இரண்டும் தனித்தனியாகக் கரைபவை. செழிப்பான தொட்டியில் இரண்டுமே மிகுதியாக இருக்க முடியும். நீரில் கரியமில வாயு கூடும்போது மீன் தன் இரத்தத்திலுள்ளதை வெளியேற்ற முடியாமல் திணறுகிறது, இரத்தம் ஆக்சிஜனை ஏந்தும் திறனும் குறைகிறது. எனவே அறிகுறி தெரிந்தவுடன் சிலிண்டரை மூடி, காற்றுக்கல்லை ஓடவிட்டு, தொட்டியின் பாதி நீரை அதே வெப்பநிலையிலுள்ள, குளோரின் நீக்கிய புதுநீரால் மாற்ற வேண்டும். மீள்வதற்கு வழக்கமாக ஒரு மணி நேரத்துக்குக் குறைவாகவே ஆகும்.

வாயு சீரானதும் செடிகளின் பசியும் கூடும். நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாசியம், இரும்பு ஆகியவற்றை முன்பு போட்ட அளவிலேயே போட்டால், சில வாரங்களில் பழைய இலைகளில் ஓட்டைகளும் புதுத் துளிர்களில் வெளிறலும் தோன்றும். அதை வாயுவின் குறையாக எண்ணி ஊசி வால்வைத் தொடாதீர்கள்.

அறையில் இருப்பவர்களின் பாதுகாப்பு

கரியமில வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது, நிறமும் மணமும் அற்றது. 1 கிலோ திரவம் சாதாரண அறை நிலையில் 540 லிட்டருக்கு மேற்பட்ட வாயுவாக விரியும். நீளம் 4 மீட்டர், அகலம் 3 மீட்டர், உயரம் இரண்டரை மீட்டர் உள்ள மூடிய அறையில் 2 கிலோ சிலிண்டர் ஒன்று மொத்தமாகக் கசிந்தால், அறைக்காற்றில் அதன் பங்கு மூன்றரை சதவீதத்தைத் தாண்டும். எட்டு மணி நேர வேலைக்கு அனுமதிக்கப்படும் வரம்பு 0.5 சதவீதம், உயிருக்கு உடனடி ஆபத்து என்று கருதப்படுவது 4 சதவீதம். தரையோடு படுத்து உறங்குபவரைச் சுற்றி அதைவிடக் கூடுதலாகவும் தேங்கலாம். நாள்தோறும் டிஃப்யூசர் வழியே வெளியேறும் அளவு இதனோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை, அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் பெரிய சிலிண்டரைக் காற்றோட்டமில்லாத படுக்கையறையில் வைப்பதைத் தவிர்க்க வேண்டும். தவிர்க்க முடியாதெனில், கரியமில வாயு எச்சரிக்கைமானி ஒன்றைத் தாழ்வான உயரத்தில் வைக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைமானி இதற்கு உதவாது.

பராமரிப்பும் சிலிண்டர் மாற்றமும்

பீங்கான் வட்டில் பாசி படிந்தால் குமிழிகள் பெரிதாகி ஓரிரு இடங்களில் மட்டும் வரும். அப்போது டிஃப்யூசரை வெளியே எடுத்து, நீர்த்த பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்து, பலமுறை அலசி, குளோரின் நீக்கி கலந்த நீரில் சிறிது நேரம் வைத்துவிட்டுத் திருப்பிப் பொருத்தலாம். வட்டைத் தேய்க்கக் கூடாது; துளைகள் அடைபடும், கண்ணாடிக் கழுத்தும் எளிதில் முறியும். டிராப் செக்கரின் திரவத்தை மாதம் ஒருமுறை மாற்றினால் போதும். சோலனாய்டு சரியாக மூடுகிறதா என்று அவ்வப்போது டைமர் நிற்கும் நேரத்தில் குமிழிமானியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தூசி சிக்கி அது திறந்தே நின்றுவிடும் நேரங்கள் உண்டு.

சிலிண்டரை மாற்றும்போது, முதலில் சிலிண்டரின் வால்வை மூடி, சோலனாய்டை ஓடவிட்டுக் குழாயிலும் ரெகுலேட்டரிலும் உள்ள வாயு தீர்ந்து இரண்டு மானிகளும் சுழிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். மிச்சம் அதிகமிருந்து அதை வேகமாக விட வேண்டியிருந்தால், டிஃப்யூசரைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். பிறகு அழுத்தத் திருகைத் தளர்த்தி, ரெகுலேட்டரைக் கழற்றி, வளையத்தைப் புதிதாக மாற்றி, மேலே சொன்ன அதே வரிசையில் பொருத்தி, சிலிண்டர் இணைப்பில் மட்டுமாவது சோப்பு நீரைத் தடவிப் பார்க்க வேண்டும். ஊசி வால்வை முன்பிருந்த இடத்திலேயே விட்டிருந்தாலும் குமிழி வேகம் சற்று மாறியிருக்கும். அதை எண்ணிச் சரிசெய்துவிட்டு, புதிய சிலிண்டரின் மொத்த எடையைத் தேதியோடு ஒரு நாடாவில் எழுதி அதன்மேல் ஒட்டிவைத்தால், அடுத்த முறை எப்போது நிரப்ப வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே கணக்கிடலாம்.